கிணறா, டவுன் குளமா, பம்புசெட்டுத் தொட்டியா? பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் எங்கே பழக்குவது

எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் சேர்த்து 31 பிள்ளைகள். பள்ளி கேட்டிலிருந்து வாய்க்கால் ஐந்து நிமிடம், காவிரி பதினைந்து நிமிடம், சுற்றுவட்டத்தில் கிணறுகளுக்குக் கணக்கே இல்லை. இவர்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று தலைமை ஆசிரியை வகுப்பில் கேட்டதற்கு ஒன்பது கை எழுந்தது. ஒன்பதும் பையன்கள். அப்புறம் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, மிதக்க முதுகில் கேன் கட்டாமல் நீந்துவாயா என்று கேட்டால் ஐந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆக மிச்சம் நான்கு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். கோடை விடுமுறைக்குள் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கூட்டத்தில் பேசினோம். எங்கே பழக்குவது, யார் பழக்குவது, எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல ஆற்றங்கரை ஊர் என்றில்லை, ஏரி உள்ள ஊர், குவாரிக் குட்டை உள்ள ஊர், பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டை வந்துவிட்ட ஊர், எல்லாவற்றிலும் பெற்றோருக்கு இதே கவலை இருக்கும்.

2023 பிப்ரவரியில் தொட்டியத்தில் கால்பந்துப் போட்டிக்கு வந்துவிட்டு, மாயனூர் கதவணைப் பக்கம் காவிரியில் இறங்கிய புதுக்கோட்டை மாவட்ட நடுநிலைப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள். மாயனூர் எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். அந்தப் பிள்ளைகள் என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர்கள். அன்றைக்கு ராத்திரி என் மகள் தூங்கின பிறகும் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாடு முழுக்கத் தண்ணீரில் மூழ்கி ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் சொல்கின்றன. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் சாவுக்குக் காரணங்களில் உலக அளவில் மூன்றாவது இடம் இதற்குத்தான் என்று 2024 டிசம்பரில் வந்த உலக சுகாதார நிறுவன அறிக்கை சொல்கிறது. பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட தேதியெல்லாம் நினைவில் வைத்திருக்கும் நாம் இதை விதி என்று விட்டுவிடுகிறோம்.

எந்த இடம் நல்லது என்று பார்க்கும் முன்னால், பிள்ளைக்கு எது வர வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இதில்தான் எங்கள் குழுவுக்குள்ளேயே முதல் சண்டை வந்தது. 'நாலு ஸ்டைலும் கத்துக்கட்டும், நாளைக்கு மெடல் வாங்குவாங்க' என்றார் ஒருவர். எனக்கு மெடல் வேண்டாம். போட்ட சட்டையோடு, செருப்போடு தண்ணீருக்குள் தவறி விழுந்தால் மேலே வர வேண்டும், மல்லாந்து மிதந்து மூச்சு வாங்க வேண்டும், கரை எந்தப் பக்கம் என்று பார்த்து அங்கே போய்ச் சேர வேண்டும், எதையாவது பிடித்து ஏற வேண்டும். ஏறுவதும் நீச்சலில் சேர்த்திதான், பாசி பிடித்த கரையில் ஏற முடியாமல் சறுக்கிச் சறுக்கியே போன உயிர்கள் உண்டு. வங்கதேசத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கும் ஸ்விம்சேஃப் திட்டத்தில் 25 மீட்டர் நீந்துவதும் 30 விநாடி மிதப்பதும்தான் தேர்ச்சிக்கு அளவு, எப்படி நீந்தினாலும் சரி. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் 25 மீட்டரும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்வதும் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நெதர்லாந்தில் நீச்சல் சான்றிதழுக்குப் பிள்ளைகள் உடுத்திய துணியோடு தண்ணீரில் இறங்கிக் காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் என்ன நீச்சல் உடையிலா வாய்க்காலில் விழப்போகிறார்கள்?

அடுத்து, மூழ்குகிற பிள்ளை கத்தாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டி 'காப்பாத்துங்க' என்று கூப்பிட மூச்சு இருக்காது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், தலை பின்னால் சாயும், கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே எந்த இடமாக இருந்தாலும், தண்ணீரில் இருக்கும் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்திருப்பதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்தது. பழக்குகிறவர் அந்த ஆளாக இருக்க முடியாது. அவர் ஒரு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்றப் பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால்தானே இருப்பார்கள்.

சரி, கிணற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் நீச்சல் பழகியது கிணற்றில்தான். முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மறு நுனியைப் படியில் நிற்கும் பெரியவர் பிடித்துக்கொள்வார். பிறகு சுரைப்புருடை போய் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் வந்தது, லாரி டியூப் வந்தது. கொஞ்ச நாள் போனதும் சொல்லாமல் கொள்ளாமல் கேனை அவிழ்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் நாங்கள் பழகினோம் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் நிறைய. அப்படித் தள்ளிவிட்ட அன்றோடு தண்ணீர்ப் பக்கமே போகாதவர்களும் அதே அளவு உண்டு, அவர்கள் வெளியே சொல்வதில்லை.

என் சித்தப்பா தள்ளிவிடுகிற ரகம் இல்லை. போன வாரம் அவர் இரண்டு பையன்களுக்குப் பழக்கியதைக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் இரண்டாவது படியில் அவர் நிற்கிறார், பையன் மேல் படியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கிறான். கால் பழகியதும் ஒரு கையை விடச் சொல்கிறார். கயிறு அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்று, ஆனால் எப்போதும் தொய்வாகவே கிடந்தது, ஒரு தடவைகூட இழுத்துப் பிடிக்கவில்லை. ஏன் சித்தப்பா என்று கேட்டேன். 'கயிறு விறைப்பா இருந்தா புள்ள கயித்த நம்பும் சாமி, தண்ணிய நம்பாது' என்றார். பத்து நாளில் அந்தப் பையன் கயிறு இல்லாமல் கிணற்றைக் குறுக்கே கடந்துவிடுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிணற்றில் பழகிய பிள்ளைக்கு அடி தெரியாத கருந்தண்ணீர் பயமில்லை, குளிர் பயமில்லை, கால் எங்கும் நிலைக்காது என்பதால் ஏமாற்றி நிற்கவும் வழியில்லை. விபத்து நடக்கிற தண்ணீரும் இப்படிப்பட்டதுதான் என்பதால் இது பெரிய விஷயம். செலவும் இல்லை. ஆனால் சித்தப்பாவால் ஒரு மணி நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் முடியாது, 31 பேரை எப்போது முடிப்பது? எங்கள் ஊரில் படி ஒழுங்காக இருக்கும் கிணறு மூன்றே மூன்று, மற்றவற்றில் கல் பெயர்ந்து கிடக்கிறது. மோட்டார் ஒயர் கசிந்து தண்ணீரில் மின்சாரம் பாய்கிற ஆபத்து இருக்கிறது, மெயினை அணைக்காமல் யாரும் இறங்கவே கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தண்ணீருக்குள் மூச்சு திணறினால் அந்தக் குறுகின படியில் தூக்கிக்கொண்டு ஏற இன்னொரு பெரிய ஆள் கட்டாயம் வேண்டும். சித்தப்பாவுக்கு வயது 61. அவரிடமே இதைச் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது, டவுனில் தனியார் நீச்சல் குளம். நான் விசாரித்த இடங்களில் 15 நாளுக்கு ஒரு பிள்ளைக்கு 2500 முதல் 4000 ரூபாய் வரை கேட்டார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, அடி தெரிகிறது, உடை மாற்ற அறை இருக்கிறது. போன கோடையில் என் மகளை ஒரு குளத்தில் சேர்த்திருந்தேன். 25 பிள்ளைகளுக்கு ஒரே பயிற்றுநர், அவரும் விசிலோடு கரையில்தான் நின்றார். பதினைந்தாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தோம், பாட்டிக்கு அனுப்பினோம். அந்த வாரமே சித்தப்பா கிணற்றில் இறங்கினவள் படியை விட்டுக் கையை எடுக்கவில்லை. 'அடி தெரியலம்மா' என்றாள். பிறகு அந்தக் குளத்துக்கு மறுபடி கூட்டிப்போய் கரையில் குனிந்து கவனித்தபோதுதான் தெரிந்தது, நாலு கை போட்டதும் கட்டைவிரலை ஊன்றி ஒரு உந்து உந்துகிறாள், மறுபடி நாலு கை. தண்ணீருக்கு மேலே பார்த்தால் அழகான நீச்சல். மூன்றரை அடி ஆழத்தில் பதினைந்து நாளும் என் பிள்ளை நடந்திருக்கிறாள், அதை நானும் கவனிக்கவில்லை, அவர்களும் கவனிக்கவில்லை.

எல்லாத் தனியார் குளமும் அப்படி இல்லை. இன்னொரு இடத்தில் ஆறு பிள்ளைக்கு ஒருவர் என்று பயிற்றுநர்கள் தண்ணீருக்குள்ளேயே நின்று பழக்கினார்கள், உயரமான நாற்காலியில் தனியாக ஒருவர் காவல் இருந்தார். கட்டணம் கூடத்தான். ஆகவே சேர்க்கும் முன் ஒரு நாள் சும்மா போய் வகுப்பு நடக்கும்போது நின்று பாருங்கள். பயிற்றுநர் தண்ணீருக்குள் இருக்கிறாரா, காவலுக்கு வேறு ஆள் உண்டா, அந்த ஆளுக்குச் செயற்கை மூச்சு கொடுக்கத் தெரியுமா, தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கு மூடி இருக்கிறதா, முதல் வாரத்தில் மிதக்கக் கற்றுத் தருவார்களா அல்லது நேராகக் கை வீசத்தானா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையை விட வேண்டாம். கையில் மாட்டுகிற காற்றுப் பையோடு பதினைந்து நாளும் மிதக்கவிடுகிற இடமும் வேண்டாம், அது பிள்ளையை நிமிர்ந்து நிற்கிற மாதிரியே தண்ணீரில் வைத்திருக்கும், கழற்றியதும் பிள்ளை அதே மாதிரி நிமிர்ந்தபடி கீழே போகும்.

மூன்றாவது, அரசுக் குளம். எங்களுக்கு என்றால் திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் குளம். கோடையில் 12 நாள் வகுப்பு என்று தொகுதி தொகுதியாக வைக்கிறார்கள், தனியாரைவிடக் கட்டணம் குறைவு. எங்கள் சிக்கல் தூரம்தான். ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி நேரம், வேன் வாடகை பன்னிரண்டு நாளுக்குக் கணக்குப் போட்டால் குளத்துக் கட்டணத்தைத் தாண்டுகிறது. இன்னொன்று, பந்தயத்துக்குக் கட்டிய குளங்களில் ஆழம் குறைந்த பக்கமே பெரும்பாலும் நான்கடிக்குக் குறையாது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே கால் நிலைக்காது. ஐந்தாம் வகுப்புக்குச் சரி. திருச்சி, மதுரை, சென்னை என்று நகரத்திலேயே இருக்கும் பெற்றோர் இதை எழுதும் என்னிடம் கேட்டால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், அரசுக் குளத்தில் இடம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

ஆற்றிலேயே பழக்கலாமே என்று கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டார். அவர் காலத்துக் காவிரி வேறு. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது, முழங்கால் தண்ணீரில் நடந்துபோகிறவர் அடுத்த எட்டில் கசத்தில் இருப்பார். மேல் பக்கம் கதவணையைத் திறந்தால் மட்டம் ஏறுகிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை, ஆறு வேண்டாம்.

வங்கதேசக்காரர்கள் செய்ததைத்தான் நான் அதிகம் யோசித்துப் பார்த்தேன். அங்கே வீட்டுக்கு வீடு குட்டை, பிள்ளைகள் விழுவதும் அதில்தான். 2006-இல் தொடங்கியபோது நீச்சல் குளம் கட்டக் கிளம்பவில்லை. ஊர்க் குட்டைக்குள்ளேயே மூங்கிலால் ஒரு மேடை இறக்கினார்கள், பிள்ளைக்கு மார்பளவு ஆழத்தில் அது தரை மாதிரி இருக்கும், சுற்றிலும் மூங்கில் தடுப்பு. உள்ளூர் இளைஞர்களையும் இளம்பெண்களையும் பயிற்றுநராக்கினார்கள். பிள்ளைகள் நான்கு வயதிலிருந்தே பழகினார்கள். அந்தப் பயிற்சி எடுத்த பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2012-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது, மூங்கிலும் கயிறும் ஊர்ப் பிள்ளைகளும்தானே, நம்மிடம் இல்லாத எதுவும் இதில் இல்லை. வியட்நாமின் டா நாங் நகரில் பள்ளி வளாகத்திலேயே கழற்றி மாட்டுகிற குளம் வைத்தும் இதே திட்டத்தை நடத்தினார்கள்.

ஆனால் எங்கள் ஏரியில் மே மாதம் சேறுதான் இருக்கும், நடுவே வண்டல் அள்ளிய பள்ளங்கள். கழற்றி மாட்டும் குளத்துக்கு விலை போக, தண்ணீர் மாற்ற வேண்டும், குளோரின் போட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் காவல் வேண்டும். பூட்டாத பள்ளி வளாகத்தில் நிறைந்த குளம் நிற்பதைவிட ஆபத்து வேறென்ன? இரண்டு மூன்று ஊராட்சிகள் சேர்ந்தால் அடுத்த ஆண்டு யோசிக்கலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக, யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்று: பம்புசெட்டுத் தொட்டி. எங்கள் ஊரில் வாழைக்கும் கோரைக்கும் தண்ணீர் பாய்ச்சுகிற தொட்டிகள் ஏழெட்டு இருக்கின்றன. நான் அளந்து பார்த்தது 12 அடி நீளம், 8 அடி அகலம், தண்ணீர் நின்றால் இரண்டரை அடி. தினமும் புதுத் தண்ணீர், பழையது வயலுக்குப் போய்விடுகிறது. இதில் யாரும் 25 மீட்டர் நீந்த முடியாது. ஆனால் நீச்சலில் முதல் பாதி நீந்துவதே இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும், மூக்கால் மூச்சை விட்டுக் குமிழி எழுப்ப வேண்டும், கண்ணைத் திறந்து அடியில் போட்ட கூழாங்கல்லை எடுக்க வேண்டும், விளிம்பைப் பிடித்துக் காலடிக்க வேண்டும், மல்லாந்து மிதக்க வேண்டும். இதெல்லாம் தொட்டியில் வரும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர்.

என் மகளுக்கு மிதக்க வந்தது அப்படி ஒரு தொட்டியில்தான். கிணற்றில் பயந்து நின்றவளைச் சித்தப்பா ஒரு வாரம் தொட்டிக்குக் கூட்டிப்போனார். பின்னந்தலைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துப் படுக்கச் சொன்னால், படுக்கிறாள், காதுக்குள் தண்ணீர் போனதும் விருட்டென்று தலையைத் தூக்குகிறாள், தலை மேலே வந்ததும் இடுப்பு கீழே போகிறது. ஏழெட்டுத் தடவை இதே கதை. 'காது நனையட்டும் கண்ணு, காது முங்கினாத்தான் மூக்கு மேல வரும்' என்றார். அதை அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் காதை முங்கவிட்டாள், வயிறு மேலே வந்தது, கால் தானாக மிதந்தது. சித்தப்பா கையை எடுத்து என்னிடம் காட்டினார், அவளுக்குத் தெரியாது. நான் மனதுக்குள் எண்ணினேன், பதினேழு வரை வந்தது.

தொட்டிக்கும் விதிகள் உண்டு. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது மோட்டார் ஓடக்கூடாது, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் குழாயை அடைத்திருக்க வேண்டும். பாசியை முதல் நாளே தேய்த்துக் கழுவ வேண்டும், எங்கள் தொட்டியில் வழுக்கி ஒரு பையனுக்குத் தாடை கிழிந்திருக்கிறது. நான்கு பிள்ளைக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். இரண்டரை அடிதானே என்று விட்டுவிட்டு நகரக்கூடாது, குப்புற விழுந்த பிள்ளைக்கு ஒரு அடி தண்ணீரே போதும்.

இனி, தண்ணீரே இல்லாமல் சொல்லித்தருகிற பாடம். வகுப்பறையிலும் மைதானத்திலும் ஆறு மணி நேரம், 31 பேருக்கும், செலவில்லை. தெரியாத தண்ணீரில் தலைகீழாகக் குதிக்கக்கூடாது, நிலை எது என்று பெரியவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது, தனியாகப் போகக்கூடாது, பண்ணைக்குட்டை விளிம்பில் நிற்கவே கூடாது, அந்தப் பிளாஸ்டிக் நனைந்தால் பெரியவர்களாலேயே ஏற முடியாது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கூட்டாளி மூழ்கும்போது என்ன செய்வது என்பது. ஒருவன் மூழ்க, இன்னொருவன் குதிக்க, அவனைப் பிடிக்க மூன்றாமவன் குதிக்க, மூன்று பேரும் போகிற செய்தியை நாம் ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். பாசத்தில்தான் குதிக்கிறார்கள். அந்தப் பாசத்துக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்: சத்தம் போடு, பெரியவரைக் கூப்பிடு, கரையில் படுத்துக்கொண்டு கம்பை நீட்டு, எட்டாவிட்டால் மூடிய கேனையோ காலிக் குடத்தையோ வீசு. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது அவர்களுக்குக் கிடைத்தது. இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளிடம் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. மறுநாள் மைதானத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கரை என்று வைத்து, கயிறு கட்டிய கேனை வீசிப் பழகினோம். காலிக் கேன் காற்றில் எங்கோ போகிறது, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் நேராகப் போய் விழுகிறது. அதைக் கண்டுபிடித்தது நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி.

இது மட்டும் போதுமே, ஏன் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று சில பெற்றோர் கேட்டார்கள். போதாது. கால் வழுக்கி விழுந்த பிள்ளைக்கு வகுப்பில் சொன்னது எதுவும் நினைவுக்கு வராது, உடம்புக்குப் பழகியிருந்தால்தான் உண்டு. அதேபோல நீச்சல் மட்டும் தெரிந்தாலும் போதாது, தெரிந்த பையன்தான் இன்னும் ஆழத்துக்குப் போகிறான்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது அண்ணன்கள் கிணற்றில் குதிக்க, நான் மேட்டில் உட்கார்ந்து அவர்கள் சட்டைக்குக் காவல் இருந்தேன். என்னைக் கூப்பிடவும் இல்லை, நானும் கேட்கவில்லை. 34 வயதில்தான் ஒரு குளத்தில் பழகினேன். எங்கள் பள்ளியில் கை தூக்கிய ஒன்பதில் ஒரு பெண்கூட இல்லாததைப் பார்த்தபோது முப்பது வருடத்தில் எதுவும் மாறவில்லை என்று நெஞ்சு கனத்தது. ஆகவே எந்த இடத்தை ஒப்பிட்டாலும் பெண் பிள்ளைகளை அவர்கள் வீட்டில் அனுப்புவார்களா என்பதையும் சேர்த்துத்தான் பார்த்தேன். டவுன் குளத்துக்கு அனுப்பத் தயங்குகிற வீடுகள்கூடத் தெரிந்தவர் தோட்டத்துத் தொட்டி, கூடவே இரண்டு அம்மாக்கள், உடுப்பு சுடிதாரே போதும் என்றதும் சரி என்றன. துணியோடு பழகுவது எங்களுக்கு வேண்டியதும்கூட.

வயது பற்றியும் கேட்டார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் சொல்லித்தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, நம் மூன்றாம் வகுப்புக்கு எட்டு வயது, தாராளம். வலிப்பு வருகிற பிள்ளை, இளைப்பு உள்ள பிள்ளை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, ஒரு ஆளுக்கு ஒரு பிள்ளை என்று தனியாகப் பார்க்க வேண்டும். விலக்கி வைக்க வேண்டாம்.

இவ்வளவையும் வைத்துக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். ஆறு மணி நேரப் பாடம் 31 பேருக்கும், தேர்வுக்கு முன்பே. பிறகு ஏப்ரல் கடைசியில் மூன்று வகுப்புக்கும் தொட்டியில் எட்டு நாள், நான்கு நான்கு பேராக, 20 எண்ணும்வரை மல்லாந்து மிதக்கிற பிள்ளைதான் அடுத்த கட்டத்துக்கு. அப்படித் தேறுகிற நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதம் திருச்சியில் 12 நாள், வேனுக்கு ஊராட்சியிலும் முன்னாள் மாணவர்களிடமும் கேட்பது. கடைசி இரண்டு நாள் சித்தப்பா கிணற்றில், கயிற்றோடு, பள்ளி உடுப்போடு, இரண்டு இளவட்டங்கள் துணையாக. டவுன் தனியார் குளத்தை விட்டுவிட்டேன், நல்லதாக இருந்த அந்த ஒரு இடத்தின் கட்டணம் எங்கள் பெற்றோருக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் ஊரில் குளம் பக்கத்தில் இருந்து கட்டணமும் கட்டுப்படியானால் தொட்டியை அடுத்து நேராக அங்கேயே போகலாம், கிணறு தேவைப்படாமலும் போகலாம். தொட்டியைத் தாண்டிப்போகாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்: உங்கள் பிள்ளைக்கு மிதக்கத் தெரியும், நீந்தத் தெரியாது. அரைகுறையாகத் தெரிந்த பிள்ளையை 'நீச்சல் தெரிந்தவன்' என்று பெரியவர்கள் நம்பி விடுகிற அந்த ஒரு கோடைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கூட நிற்கப்போகும் பெரியவர்களுக்கு ஒரு நாள் முதலுதவிப் பயிற்சியும் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மூழ்கி எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். இரண்டும் கூடாது, அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது. மூச்சில்லாத பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும், பிறகு மார்பின் நடுவில் அமுக்க வேண்டும், ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-க்கு அழைக்க வேண்டும்.

குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. தொட்டிக்காரர் சம்மதித்துவிட்டார், மோட்டார் நேரத்தை மாற்றிக்கொள்கிறேன் என்றார். வேனுக்குப் பாதிப் பணம்தான் சேர்ந்திருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்க முறைக்கு இரண்டு அம்மாக்கள் வேண்டும், இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் மூன்று பேர் 'எங்களுக்கும் மிதக்கச் சொல்லித்தருவீங்களா' என்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பாவிடம் கேட்டேன். பிள்ளைகள் போன பிறகு சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்.